மதுரையிலிருந்து காட்டுக்குக் கிளம்ப எது நல்ல மாதம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்கள் யாராவது தேக்கடிக்கோ டாப்ஸ்லிப்புக்கோ கிளம்பினால் முதல் நாள் ராத்திரி எனக்கு ஒரு போன் வரும். "எப்பப் போனாப்பா மிருகம் தெரியும்?" ரூம் போட்டு, வண்டி பேசி, எல்லாம் முடிந்த பிறகு கேட்பார்கள். நான் வனத்துறை ஆள் இல்லை, அரசரடியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன். கடைக்கு லீவு விட்டால் காட்டுக்குப் போகிற பழக்கம் பன்னிரண்டு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கெல்லாம் அனுப்பிவிடலாம் என்று ஒரேயடியாக எழுதி வைத்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எந்த மாதம்?

விலங்கு பார்க்க மட்டும்தான் போகிறீர்கள் என்றால் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை. பச்சை, பனிமூட்டம், குளிர், சும்மா உட்கார்ந்து டீ குடிப்பது என்றால் செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை. இரண்டும் ஒரே பயணத்தில் வேண்டும் என்றால் கிடைக்காது. பறவை என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அதற்கு மலை ஏற வேண்டிய அவசியமே இல்லை, மேலூர் தாண்டினால் போதும், கீழே சொல்கிறேன்.

வெயில் காலத்தில் காடு காய்ந்து கிடக்குமே, அப்போது போய் எதைப் பார்ப்பது?

காய்ந்து கிடப்பதால்தான் போகச் சொல்கிறேன். ஒரு யானைக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். மழைக்காலத்தில் அதற்கு என்ன கவலை? ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர், ஒவ்வொரு சரிவிலும் புல், ரோட்டுப் பக்கமே அது வரத் தேவையில்லை. வெயில் ஏற ஏற ஓடைகள் ஒவ்வொன்றாக வற்றும், மிஞ்சுகிற இரண்டு மூன்று இடங்களுக்கு எல்லா விலங்கும் வந்தே ஆக வேண்டும், நீங்கள் அந்த இடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் போதும்.

இன்னொன்று, தேக்கு மாதிரி மரங்கள் இலையைக் கொட்டிவிடும். நவம்பரில் பத்தடி தள்ளி உண்ணிச்செடிப் புதருக்குள் ஒரு காட்டுமாடு நின்றாலும் உங்களுக்குத் தெரியாது, அது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏப்ரலில் அதே இடத்தில் ஐம்பது அறுபது அடிக்குள் காட்டின் தரையே தெரியும்.

தேக்கடிக்கு நாள் குறிப்பது எப்படி?

காலண்டரை விட்டுவிட்டுப் பேப்பரை எடுங்கள். நம்ம ஊர்ப் பேப்பர்களில் தினமும் ஒரு மூலையில் பெரியாறு அணை எத்தனை அடி, வைகை அணை எத்தனை அடி என்று போடுவார்கள் இல்லையா, தேனிக்காரரும் மேலூர் விவசாயியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் பார்க்கிற அந்தப் பெட்டிச் செய்தி, அதுதான் தேக்கடி சஃபாரிக்கும் கைகாட்டி.

காரணம் எளிது. தேக்கடி ஏரி என்று நாம் சொல்வது முல்லைப் பெரியாறு அணையில் தேங்கி நிற்கிற தண்ணீர்தான். 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்தபோது மூழ்கிச் செத்த மரங்களின் கட்டைகள் இன்னும் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன, நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அதன்மேல்தான் சிறகை விரித்துக் காயப்போடும். உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்தபடி 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம். அந்த அளவுக்கு நெருங்கிவிட்டால் தண்ணீர் நேராக மரங்களின் காலடியைத் தொட்டுவிடும், படகிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் பச்சைச் சுவர். தண்ணீர் இறங்க இறங்க, சுவருக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு சேற்றுக் கரை வெளியே வரும், அதில் புல் முளைக்கும், அந்தப் புல்லுக்கு மிளா என்கிற கடமான் வரும், காட்டுமாடு வரும், பன்றி வரும், யானை வரும். 125 அடிக்குக் கீழே இருந்தால் கிளம்பு என்பது என் கணக்கு. ரொம்பவும் இறங்கிவிட்ட வருடம் என்றால் படகு ஓடுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏப்ரலில் அக்கா குடும்பத்தோடு போயிருந்தேன். சாயங்காலப் படகு. இறங்குதுறையை விட்டு இருபது நிமிடம் ஒன்றுமே இல்லை, மாமா தூங்கியே போய்விட்டார். அப்புறம் ஒரு வளைவில் தாயும் குட்டியுமாக நான்கு யானைகள். பெரியது கரையில் நின்று முன்னங்காலால் புல்லை எத்தி எத்திப் பெயர்த்தது, தும்பிக்கையில் ஒரு கட்டாகச் சுருட்டியது, உடனே வாயில் போடவில்லை. முழங்காலில் பட்டு பட்டென்று நாலு அடி அடித்து வேரிலிருந்த மண்ணை உதறிவிட்டுத்தான் வாய்க்குள் தள்ளியது. எங்கம்மா கீரைக்கட்டை வாங்கி வாசல் படியில் உதறுவாரே, அச்சு அசல் அதே மாதிரி. குட்டியும் காலால் எத்திப் பார்த்தது, புல் வரவில்லை, கோபத்தில் அம்மா காலை முட்டியது. படகில் எழுபது எண்பது பேர் இருந்தும் சத்தமே இல்லை. மாமாவை எழுப்ப மறந்துவிட்டோம், அதற்கு இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

படகு பாதுகாப்பா?

2009 செப்டம்பர் 30ஆம் தேதி இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஏதோ தெரிந்ததைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கமாக எழுந்து ஓடினால் படகுக்கு என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொள்ளுங்கள், யானையே வந்தாலும் இடத்தை விட்டு எழாதீர்கள், பிள்ளைகளிடம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. அப்போது போகலாமா?

போகலாம், ஆனால் முதல் பாதியில். ஏப்ரல் கடைசியிலேயே கோடை மழை ஆரம்பித்துவிடும், சாயங்காலமானால் இடி இடித்துக் கொட்டும். ஒரு மழை பெய்தால் நல்லதுதான், கருகின தரையில் இளம்புல் வந்து மான்கள் வெளியே வரும். நாலைந்து நல்ல மழை பெய்துவிட்டால் காட்டுக்குள்ளேயே தண்ணீர் தேங்கி, கூட்டம் பிரிந்து, ஏரிக்கரை காலியாகிவிடும். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை, அப்போது விலங்கு கணக்கே வேறு.

மே மாதத்தில் கூட்டமும் தாங்காது. சனி ஞாயிறை விட்டுவிட்டுச் செவ்வாய், புதனில் போங்கள், டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். அப்புறம், நம்ம ஊரில் அழகர் ஆற்றில் இறங்குகிற சித்ரா பௌர்ணமி அன்றைக்குக் குமுளிப் பக்கம் சஃபாரிக்கென்று போய்விடாதீர்கள். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற மங்கலதேவி கண்ணகி கோயில் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் திறக்கும், குமுளியிலிருந்து ஜீப்பிலும் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஆயிரக்கணக்கில் ஜனம் ஏறும். கண்ணகியைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல நாள் இல்லை. யானையைப் பார்க்க அதைவிட மோசமான நாளும் இல்லை.

அரையாண்டுப் பரீட்சை லீவில், டிசம்பர் கடைசியில்?

என்னைக் கேட்டால் வேண்டாம். கார்த்திகை பிறந்து தை முதல் தேதி மகரவிளக்கு முடியும் வரை தேனி, கம்பம், குமுளி ரோடு ஐயப்ப பக்தர்கள் ரோடு. கூட்டம் மிஞ்சினால் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பி விடுவார்கள். ரூம் வாடகை ஏறியிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் அணையும் நிரம்பியிருக்கும்.

நான் ஒரு தடவை ஏமாந்தது டிசம்பரில்தான். குமுளியில் ஒரு ஆள், பெயர் வேண்டாம், "ஜீப் சஃபாரி சார், யானை கன்ஃபார்ம், புலிக்கும் சான்ஸ் இருக்கு" என்று சொல்லி ஏற்றினார். ஏலத்தோட்டம், டீத்தோட்டம், ஒரு வியூ பாயின்ட், ஒரு மசாலாக் கடை. மசாலாக் கடையில் மட்டும் முக்கால் மணி நேரம். பார்த்த ஒரே காட்டு ஜீவன் ஒரு சிங்கவால் குரங்கு என்று அவர் சொன்னது, எனக்கு அது சாதாரணக் குரங்காகத்தான் தெரிந்தது. ஜீப் எந்தக் காட்டுக்குள் போகும், வனத்துறை அனுமதிச் சீட்டு உண்டா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். பதில் சுற்றினால் இறங்கிவிடுங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் காட்டை மூடிவிடுவார்கள் என்கிறார்களே?

எல்லாவற்றையும் இல்லை. மலையேற்றப் பாதைகள்தான் முக்கியமாக மூடப்படும். தமிழ்நாட்டு வனத்துறை பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரையான காலத்தைத் தீ அபாயக் காலமாக வைத்து நிறுத்திவிடுகிறது. ஏன் என்று தேனிக்காரர்களிடம் கேட்கவே வேண்டாம். 2018 மார்ச் 11ஆம் தேதி போடிக்கு மேலே குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல் மேட்டில் காற்று திரும்பினால் ஓடித் தப்ப முடியாது. அந்த இரண்டு மாதத்தில் "எனக்குத் தெரிந்த பாதை இருக்கு, பர்மிஷன் வேண்டாம்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

வண்டி சஃபாரியும் படகும் பெரும்பாலும் ஓடும். ரொம்பக் காய்ந்த வருடத்தில் அதையும் சில நாள் நிறுத்துவார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூணாறு பக்கத்து இரவிகுளம், அதாவது ராஜமலை, பிப்ரவரி, மார்ச்சில் மூடியிருப்பது வேறு காரணத்துக்காக. அது வரையாடு குட்டி போடுகிற காலம். ஏப்ரலில் திறந்ததும் போனால் பாறை மேல் குட்டிகள் குதித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம், நம்ம மாநில விலங்கைப் பார்க்கக் கேரளாவுக்குப் போக வேண்டியிருக்கிறது என்ற வருத்தத்தோடு.

புலி தெரியுமா?

தெரியாது என்று நினைத்துக்கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் ஐந்து புலிகள் காப்பகங்கள் இருக்கின்றன. அதில் 2021இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைக் காப்பகம் நமக்கு ரொம்பப் பக்கம். தேக்கடியும் அதை ஒட்டியே கிடக்கிறது. எல்லாவற்றிலும் புலி உண்டு. ஆனால் இந்த மலைக்காடு அடர்த்தி, மேடு பள்ளம் அதிகம், வண்டி போகிற பாதை குறைவு. பன்னிரண்டு வருடத்தில் நான் பார்த்தது இரண்டு தடவை கால்தடம், ஒரு தடவை மரத்தில் நகக் கீறல். வழிகாட்டிகளே மாதக் கணக்கில் பார்க்காமல் இருப்பார்கள். புலி பார்த்தே ஆக வேண்டும் என்றால் வடக்கே போக வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டாப்ஸ்லிப், பரம்பிக்குளம்?

எனக்குத் தேக்கடியைவிட இது பிடிக்கும். பரம்பிக்குளம் கேரளாவில் இருக்கிறது, ஆனால் ரோடு என்னவோ நம்ம பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். மலை உச்சியிலிருந்து வெட்டின தேக்கை உருட்டி விட்ட இடம் என்பதால் டாப்ஸ்லிப் என்று பெயர் வந்தது. காட்டில் தேக்கு நிறைய, அதனால் இலை கொட்டுகிற பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை கண்ணுக்கு நல்ல காலம். புள்ளிமான் கூட்டம் கூட்டமாக, காட்டுமாடு ரோட்டு ஓரத்திலேயே, மயில் சொல்லவே வேண்டாம். அதிர்ஷ்டம் இருந்தால் செந்நாய். கன்னிமரா தேக்கு என்று ஒன்று இருக்கிறது, நாலைந்து பேர் கைகோத்தால்தான் அடிமரத்தைச் சுற்ற முடியும். அதற்கு எந்த மாதமும் சரி.

மதுரையிலிருந்து காலையில் போய் ராத்திரி திரும்புகிற இடம் இல்லை இது. ஒரு ராத்திரியாவது தங்குங்கள், இல்லையென்றால் வெயில் உச்சியில் வேனில் உட்கார்ந்து தூங்கும் காட்டைத்தான் பார்ப்பீர்கள்.

காலையா, சாயங்காலமா?

முதல் வண்டி அல்லது கடைசி வண்டி. நடுவில் இருப்பதெல்லாம் காட்டில் காற்று வாங்குவதற்கு.

மழைக்காலத்தில் போகவே கூடாதா?

அப்படி இல்லை. இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தேக்கடியில் கொட்டும்போது, மலையின் இந்தப் பக்கம் மழை மறைவு. உடுமலையிலிருந்து மறையூர் போகிற ரோட்டில் இருக்கிற சின்னாறு, கேரளாவுக்குள் இருந்தும் நம்ம ஊர் மாதிரி முள்ளுக்காடு, தென்மேற்கு மழை அங்கே சாரலோடு நின்றுவிடும். பழனி வழியாகப் போய்விடலாம். அங்கே வண்டி சஃபாரி கிடையாது, வனத்துறை வழிகாட்டியோடு நடக்க வேண்டும், ஆற்றோர மரங்களில் நரை அணிலைப் பார்க்கலாம். அதே அணிலுக்காக 1988இல் சரணாலயம் அறிவித்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், செண்பகத்தோப்புப் பக்கம். பூனை அளவு இருக்கும், உடம்பைவிட வால் பெரிதாகத் தெரியும், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும்.

மழையில் தேக்கடிக் காட்டுக்குள் நடக்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை, அட்டை. வனத்துறையே துணி உறை கொடுப்பார்கள், முழங்கால் வரை கட்டிக்கொள்ளுங்கள், ஒரு பொட்டலம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள். கடித்தால் உயிர் போகாது, ரத்தம்தான் நிற்க நேரமாகும். அந்த நடைகளில் உங்களைக் கூட்டிப்போகிறவர்களில் சிலர் ஒரு காலத்தில் இதே காட்டில் வேட்டையாடியவர்கள், வயணப்பட்டை என்கிற காட்டு லவங்கப்பட்டையை உரித்து விற்றவர்கள். வழக்குகளை விட்டு வெளியே வந்து காவலுக்கு மாறியவர்கள். விலங்கே தெரியாத நாளிலும் அவர்கள் பேச்சுக்காகப் போகலாம்.

மலைக்கெல்லாம் போக நேரமில்லை. அரை நாளில் எதுவும் உண்டா?

மேலூர், திருப்பத்தூர் ரோட்டில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். மதுரையிலிருந்து 50 கிலோமீட்டர் சொச்சம். நவம்பரில் வர ஆரம்பித்துப் பிப்ரவரி வரை இருக்கும், நத்தை குத்தி நாரை, கொக்கு, அரிவாள்மூக்கன், கருவேல மரமெல்லாம் வெள்ளை அடித்த மாதிரி இருக்கும், நாற்றமும் அப்படித்தான் இருக்கும். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள் பறவைகளுக்காகப் பல வருடமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மழை பொய்த்துக் கண்மாய் காய்ந்துவிட்டால் பறவையும் வராது, அதனால் இங்கேயும் முதலில் தண்ணீரைத்தான் விசாரிக்க வேண்டும்.

அரிட்டாபட்டி இன்னும் பக்கம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று மேலூர்ப் பக்கமே திரண்டு நின்று 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை ரத்து செய்ய வைத்த ஊர். மார்கழி, தையில் விடியற்காலையில் போனால் பாறைப் பொந்துகளிலிருந்து வல்லூறுகள் கிளம்புவது தெரியும். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும். குடைவரைக் கோயிலையும் சமணர் படுகையையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

என்ன உடுத்த வேண்டும்?

காக்கி, பச்சை, மண் கலர். வெள்ளைச் சட்டையும் சென்ட்டும் வேண்டாம். மல்லிகைப்பூவும் அன்றைக்கு ஒரு நாள் வேண்டாம், இதை வீட்டில் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

வழியில் யானை வந்தால்?

2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் நகருக்குள்ளேயே வந்து ஆட்டோவைத் தள்ளிவிட்டு ஓடியதைப் பார்த்ததிலிருந்து எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். மூணாறு பக்கத்துச் சின்னக்கானலிலிருந்து பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்ட யானை அது, வழி தெரியாமல் இறங்கி வந்தது. பிறகு ஜூனில் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். ரோட்டில் யானையைப் பார்த்தால் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் வேண்டாம், இறங்கவே வேண்டாம், செல்ஃபி என்ற எண்ணமே வேண்டாம். அது நகர்ந்த பிறகு போகலாம், குமுளி எங்கேயும் ஓடிவிடாது.

வெளியூர், வெளிநாடு என்றால் எந்த மாதம்?

கணக்கு அதேதான், தண்ணீர் எப்போது குறைகிறதோ அப்போது. புலிக்கு மகாராஷ்டிராவில் தடோபா, ஏப்ரல், மே. நம்ம ஊரிலிருந்தே நாக்பூர் வழியாகப் போகிற திருக்குறள் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. வெயில் 45 டிகிரி தொடும், மதுரை வெயில் பழகினவனுக்கே தலை சுற்றும். ஜூலை முதல் செப்டம்பர் வரை உள்காடு மூடியிருக்கும். கர்நாடகாவில் இருக்கிற கபினிக்கும் கோடைதான், அங்கேயும் அணைத்தண்ணீர் வடிந்த கரைதான் விசேஷம்.

இலங்கைக்கு மட்டும் மாதம் மாறும். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருப்பதால் இதைச் சொல்கிறேன். மின்னேரியா என்று மகாசேன மன்னன் வெட்டிய ஒரு பெரிய குளம், அந்தப் பக்கம் வடகிழக்கு மழைதான், அதனால் ஆகஸ்ட், செப்டம்பரில் குளம் வற்றிக் கரையில் புல் முளைக்கும், 200, 300 யானைகள் ஒரே இடத்தில் மேயும். நம்ம தேக்கடிக் கதைதான், நாலைந்து மாதம் தள்ளி.

கார் இல்லை, பஸ்ஸில் தேக்கடி போக முடியுமா?

தாராளமாக. ஆரப்பாளையத்திலிருந்து குமுளி பஸ், 140 கிலோமீட்டர் சொச்சம், நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தேனி வரைக்கும் ரயிலிலும் போகலாம். சாயங்காலப் படகைப் பிடிக்க வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். குமுளியில் வண்டியை விட்டு இறங்கினதும் வனத்துறை பஸ் நிற்கிற இடத்துக்கு நேராகப் போங்கள், நடுவில் யார் "சார், சஃபாரி" என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்.